பூந்திக்கு ஏற்ற தீனி

ஜனவரி 9

பூனை வந்துவிட்டது. சரி என்று சொன்னது இவர். என்னைக் கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன், அதற்குத்தான் கேட்கவில்லை.

டெரன்ஸ் காலையிலேயே தூத்துக்குடியிலிருந்து வந்தான். கையில் ஒரு கம்பிக் கூடை, தோளில் பெரிய பை. நான் அடுக்களை வாசலிலேயே நின்றுகொண்டேன். அவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சினியர் வேலை. இப்போது ஏறினால் அக்டோபரில்தான் இறங்குவானாம். அவன் அம்மா வீட்டில் அக்கா பிள்ளைக்கு மூச்சிரைப்பு, அதனால் அங்கே பூனை ஆகாதாம்.

"கோமதி குட்டியில இருந்து வளத்ததும்மா. வேற யார்ட்டயும் விட மனசு வரல" என்றான்.

கோமதி எங்கள் ஒரே மகள். போன நவம்பரில் சென்னையில் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்தொரு வயது. இதை எழுதிப் பழகினால் தூக்கம் வரும் என்று டாக்டர் சொன்னதால்தான் இவர் இந்த டைரியை வாங்கித் தந்தார். எழுதிவிட்டேன். தூக்கம் வருகிறதா பார்ப்போம்.

டெரன்ஸ் யார் என்றும் எழுத வேண்டும். ஊருக்குச் சொல்லியிருப்பது, கோமதியோடு வேலை பார்த்த பையன் என்று. கோமதி ஒரு வங்கியில் இருந்தாள், இவன் கடலில் இருக்கிறான். எப்படிக் கூட வேலை பார்த்திருப்பான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் இவனோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனில் சொன்னாள் கோமதி. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. காரியம் எல்லாம் இவர் செய்தார். அவன் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

பூனையின் பெயர் பூந்தி. வெள்ளை உடம்பில் மஞ்சளும் கறுப்புமாகத் தெளித்த மாதிரி. பெண் பூனை.

போகும்போது பையைக் காட்டி, "இத மட்டுந்தாம்மா சாப்பிடும். வேற எதுக்கும் மாத்திராதீங்க" என்றான். சாப்பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறான். முப்பத்திரண்டு வருஷம் அரசு உணவுப் பரிசோதனைக் கூடத்தில் மிளகாய்த்தூளில் செங்கல்பொடியும் பாலில் யூரியாவும் கண்டுபிடித்தவள் நான்.

இந்த வீட்டுக்குள் முட்டைகூட ஏறியதில்லை. பையைப் புறவாசலில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10

பையைப் படித்தேன். பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. முன்பக்கத்தில் தங்க எழுத்தில் 'பிரீமியம்' என்று உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. பின்பக்கத்தில் உள்ளதுதான் கடுகு அளவு.

முதல் பொருள்: உலர்த்திய கோழி. பிறகு மக்காச்சோளம், மக்காச்சோளப் புரதம், அரிசி, கோழிக் கொழுப்பு, மீன் எண்ணெய், ஏதோ கிழங்குச் சக்கை, உப்புகள், வைட்டமின்கள், டாரின். எடை அதிகமானதை முதலில் போட வேண்டும் என்பது விதி. அதனால் ஒரு தந்திரம் செய்வார்கள். மக்காச்சோளத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பெயரில் போட்டால் கோழி தானாக முதலிடத்துக்கு வந்துவிடும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், இது கோழித் தீனியா, கோழிக்குப் போடுகிற தீனியா என்று தெரியும்.

சாம்பல் எட்டரை சதவீதம். எரித்த பிறகு மிஞ்சுவது சாம்பல். எலும்பை அரைத்துப் போட்டால்தான் அவ்வளவு மிஞ்சும். இந்த லட்சணத்துக்கு 'பிரீமியம்'.

டாரின் எதற்கு என்று யோசித்தேன். கந்தகம் உள்ள ஒரு சிறு அமிலம். மனித உடம்பு அதைத் தானே செய்துகொள்கிறது, மாடும் செய்துகொள்கிறது. பூனைக்கு மட்டும் என்ன கேடு? பட்டியலை நீளமாக்கிக் காட்ட வேண்டாமா, அதற்குத்தான்.

இதைத்தான் கோமதி வீட்டில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். பூனைக்கே இப்படி என்றால் அவளுக்கு என்ன ஆக்கிப் போட்டானோ. மீன் தின்கிற அந்தக் கடற்கரை வீட்டுப் பழக்கத்தில் அவள் என்னவெல்லாம் தின்றாளோ.

ஜனவரி 14

இந்த வருஷம் பொங்கல் இல்லை. பூந்தி அடுப்பு மேடைக்குக் கீழே படுத்திருந்தது.

ஜனவரி 28

எதிர்வீட்டுத் தெய்வானை பூனையைப் பார்த்துவிட்டு யாருடையது என்று கேட்டாள். கோமதியுடையது, ஆபீஸ் பையன் கொண்டுவந்து விட்டான் என்றேன். அவள் போன பிறகு இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுருமாக்கும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பூந்தி காலையில் நான் பாத்திரம் விளக்கும்போது தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. குழாய்த் தண்ணீரைக் கையால் தட்டுகிறது. கோலம் போடப் போனால் வாசல்படிவரை வந்து நிற்கிறது. மத்தியானம் கோமதியின் பழைய கட்டிலில், தலையணையில் தலைவைத்து மனுஷி மாதிரி படுக்கிறது. கோமதி கழுத்தை ஒட்டித்தான் படுக்குமாம், அவன் சொன்னான்.

ஒன்று முடிவு செய்துவிட்டேன். அக்டோபரில் அவன் வந்து கேட்டால் கொடுக்கப் போவதில்லை. அவளுடையது என்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். பெற்றவளுக்கு இல்லாத பாத்தியதை அவனுக்கு எங்கிருந்து வந்தது? கேட்டால் சொல்வதற்குக் காரணம் தயாராக இருக்க வேண்டும். உன்னிடம் இருந்ததைவிட என்னிடம் நன்றாக இருக்கிறது என்று காட்டினால் அவனால் வாய் திறக்க முடியாது.

பிப்ரவரி 16

நான்கு கம்பெனித் தீனி வரவழைத்தேன். இவர் போனில் ஆர்டர் போட்டார். எல்லாம் விலை கூடியவை, எல்லாவற்றிலும் 'பிரீமியம்' உண்டு. புறவாசல் துணி துவைக்கிற கல்லில் வரிசையாகப் பரப்பிவைத்தேன். பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டு வந்த பிறகு இவ்வளவு உற்சாகமாக நான் வேலை செய்ததில்லை.

வெந்நீரில் ஊறவைத்து எது எப்படிக் கரைகிறது என்று பார்த்தேன். நசுக்கிக் காகிதத்தில் வைத்து எண்ணெய்க் கறை எவ்வளவு பரவுகிறது, மறுநாள் சிக்கு வாடை அடிக்கிறதா என்று பார்த்தேன். மருந்துப் பெட்டியில் இருந்த டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டேன். கருநீலமானால் மாவுச்சத்து. அவன் கொடுத்தது மை கொட்டின மாதிரி ஆனது. பழைய இரும்புக் கரண்டியில் எரித்துச் சாம்பலையும் பார்த்தேன். என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் இப்போது தனியார் ஆய்வகத்தில் இருக்கிறாள். அவளிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்து நைட்ரஜன் அளந்து தரச் சொன்னேன். நைட்ரஜனை வைத்துத்தான் புரதம் எவ்வளவு என்று கணக்கிடுவோம்.

நான்கில் ஒன்று முழுக்கத் தாவரம். பட்டாணி, சோயா, மக்காச்சோளப் புரதம், தேங்காய் எண்ணெய். நாய், பூனை இரண்டுக்கும் என்று போட்டிருக்கிறது. புரதம் முப்பத்தாறு, எல்லாவற்றையும்விட அதிகம். சாம்பல் மிகக் குறைவு. வாடை இல்லை. பட்டியலும் சுருக்கம், தேவையில்லாத சரக்கு எதுவும் இல்லை.

சைவம் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. எண்கள் சொல்கின்றன.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏளா, அறுபத்துமூணு நாயன்மார் போதாதுன்னு இதையும் சேத்து அறுபத்துநாலாக்கப் போறியா?" என்றார்.

"எண்ணப் பாத்துட்டுப் பேசுங்க."

"பூனை எண்ணையா திங்குது?"

இவர் கூட்டுறவு வங்கியில் இருந்தவர். வேதியியல் என்ன தெரியும்.

மார்ச் 3

பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்து, இன்றிலிருந்து முழுக்கப் புதியது. தின்றுவிட்டது. பழைய பை முடியும் தறுவாய், வாயைக் கட்டி ஓரமாகப் போட்டிருக்கிறேன். பூந்தியின் கிண்ணம் இனி அடுக்களைக்குள்ளேயே இருக்கலாம். எங்களோடு ஒரே நேரத்தில் சாப்பிடுகிறது.

மார்ச் 30

கப்பலில் இருந்து இவருக்குச் செய்தி வந்திருக்கிறது. பூந்தி படம் ஒன்று அனுப்பச் சொல்லி. நானே ஒரு பழைய சீப்பால் சீவிவிட்டு எடுத்து அனுப்பச் சொன்னேன். மயிர் மினுமினுவென்று இருந்தது. பார்க்கட்டும்.

உடனே பதில். "ரொம்ப சந்தோஷம்பா. தீனி தீர்ந்திருக்குமே, அதே கம்பெனி அங்க கிடைக்குதா?"

இவர் என்னைப் பார்த்தார். நன்றாகச் சாப்பிடுகிறது என்று மட்டும் போடுங்கள் என்றேன். பொய் இல்லையே.

ஏப்ரல் 19

கோமதி பிறந்தநாள். கோயிலுக்குப் போகவில்லை, துக்க வருஷம். பூந்தியை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். அது பாட்டுக்குக் கர்கர் என்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது. அதன் விலா என் வயிற்றில் அதிர்ந்தது. வெகு நேரம் எழுந்திருக்கவில்லை, பால்காரர் கூப்பிட்டும் போகவில்லை.

மே 11

அக்கினி நட்சத்திரம். மனிதர்களே சுருண்டு கிடக்கிறார்கள். பூந்தி தூங்கிக்கொண்டே இருக்கிறது. காலையில் தொட்டி விளிம்புக்குத் தாவி, விளிம்பைப் பிடிக்க முடியாமல் விழுந்தது. எழுந்து உதறிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போனது. வெயில் அதையும் சும்மா விடவில்லை.

ஜூன் 2

பூந்தியின் கண் இப்போது ரொம்ப அழகாக இருக்கிறது. கருமணி விரிந்து கண் முழுக்க நிறைந்து நிற்கிறது. முன்பெல்லாம் வெளிச்சத்தில் கோடு மாதிரி இருக்கும். இவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "பகல்லயும் இப்படியா இருக்கும்?" என்றார். எதற்கெடுத்தாலும் ஒரு சந்தேகம் இவருக்கு.

ஜூன் 12

சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறது. ஆனால் கிண்ணத்தைத் தாண்டிப் போய்விட்டு மோந்து திரும்புகிறது.

ஜூன் 22

இன்று விருந்தாட்கள் வருவதாக இருந்ததால் கூடத்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். பூந்தி நேராக வந்து அதில் முட்டிக்கொண்டது. பின்வாங்கி, மறுபடி வந்து, அதே காலில் மறுபடி முட்டியது. நான் கையை அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். இமைக்கவில்லை.

தூக்கினேன். ஒரு வேலையும் செய்யாமலே அதற்கு மூச்சு இரைத்தது. நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம். விருந்தாட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23

எழுத வேண்டும்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஹெப்சிபா என்று ஒரு கால்நடை மருத்துவர் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறார். சின்ன வயது. விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். மார்பில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். பிறகு, "என்னம்மா சாப்பிடுது?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி நான் பையை எடுத்து வைத்தேன். கூடவே என் தாளையும். நைட்ரஜன், சாம்பல், ஈரம், கொழுப்பு எல்லாம். அவர் தாளை ஒருமுறை பார்த்தார். பையின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இதுல டாரின் சேக்கலையேம்மா."

"அது உடம்பே செஞ்சுக்கிடுமே டாக்டர்."

"நம்ம உடம்பு செஞ்சுக்கிடும். பூனையால முடியாது. அதுக்கு இறைச்சியில இருந்து கிடைக்கணும், இல்லன்னா தீனியில தனியாச் சேக்கணும். இது நாய்க்குன்னு செஞ்சதாத்தான் இருக்கும், யாவாரத்துக்காகப் பூனையையும் போட்டுருக்காங்க."

"புரதம் முப்பத்தாறு இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"இருக்கும்மா. நைட்ரஜன் அளந்தா புரதம் எவ்வளவுன்னு தெரியும். அதுல என்ன இல்லன்னு தெரியாதுல்லா."

டாரின் இல்லாமல் கண்ணின் உட்திரை கருகிப்போயிற்று. இதயம் பெருத்துவிட்டது. மருந்தும் சரியான தீனியும் கொடுத்தால் இதயம் தேறலாம் என்றார். கண்ணைப் பற்றி இவர்தான் கேட்டார். திரும்பாது என்றார்.

பாலில் யூரியாவைக் கலந்து, நைட்ரஜனைக் கூட்டிப் புரதம் என்று காட்டினவர்களை நான் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்லித் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை என்னை யாரும் ஏமாற்றவில்லை. டாரின் என்று எழுதியிருந்ததைப் படித்தேன், சிரித்தேன், தள்ளிவைத்தேன். என் உடம்புக்கு எது சரியோ அதுவே அதற்கும் சரி என்று நினைத்தேன். எனக்கு ஒவ்வாதது அதற்கும் ஆகாது என்று நினைத்தேன்.

கோமதி பூனையின் கண்ணை நான் குருடாக்கிவிட்டேன்.

ஜூன் 24

ஒன்றும் எழுத இல்லை.

ஜூன் 29

பழைய கம்பெனித் தீனி வந்தது. நானே பிரித்து அடுக்களை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாடை அடிக்கத்தான் செய்கிறது. அடிக்கட்டும்.

காலையும் மாலையும் மாத்திரை. டாரின் பொடியைத் தீனியில் தூவிக் கொடுக்க வேண்டும். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டோம், இனி எதையும் நகர்த்தக் கூடாது. பூந்தி சுவரை மீசையால் உரசிக்கொண்டே வீடு முழுக்க நடந்து பார்க்கிறது. தொட்டி விளிம்புக்கு ஏற முயலவில்லை. நான்தான் தூக்கி உட்காரவைக்கிறேன். தண்ணீரைக் காதால் கேட்டுக் கையை நீட்டுகிறது.

ஜூலை 13

இவர் டெரன்ஸுக்குச் சொல்லிவிடலாம் என்கிறார். கடலில் இருப்பவனிடம் சொல்லி என்ன ஆகும், வரட்டும் என்றேன்.

"வந்த பொறவு யாரு சொல்லுவா?"

"நான்தான்."

"என்னன்னு?"

சில பூனைகளுக்குத் தானாகவே கண் போவது உண்டு என்று சொன்னால் அவன் நம்புவான். காய்ச்சல் வந்து போயிற்று என்றாலும் நம்புவான். என்னிடம் எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை. இதையெல்லாம் நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 21

மறுபடி ஸ்கேன். பெருத்திருந்த இதயம் சுருங்கிக் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. டாக்டர் ஹெப்சிபா சிரித்தார். "நீங்க வேளை தவறாம பாத்துருக்கீங்க" என்றார். பாராட்டு காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

செப்டம்பர் 26

அடுத்த வாரம் இறங்குகிறானாம். தூத்துக்குடிக்குப் போகும் முன்னால் நேராக இங்கே வருகிறேன் என்று எழுதியிருக்கிறான்.

ஜனவரியில் எனக்கு இருந்த பயம், அவன் பூனையைக் கேட்பானே என்று. இப்போது கேட்பதற்கு அவனுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, மறுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4

டெரன்ஸ் வந்தான். கறுத்து மெலிந்திருந்தான். வாசலிலேயே செருப்போடு நின்றான். உள்ளே வாங்க என்று நான்தான் கூப்பிட்டேன்.

பூந்தி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. "பூந்தி" என்று அவன் ஒரு தரம் சொன்னான். காது எழுந்தது. குதித்து இறங்கி, வழியில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, நிற்காமல் ஓடிவந்து அவன் காலில் முட்டியது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அது அவன் சட்டைமேல் ஏறிக் கழுத்தடியில் முகத்தை நுழைத்துக்கொண்டது. அவன் அழுதான். சத்தம் வரவில்லை, முதுகுதான் குலுங்கியது. நவம்பரில் அவன் அழுததை நான் பார்க்கவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு பூந்தியின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"கண்ணு தெரியல" என்றேன். "நான்தான் காரணம். நீங்க மாத்தாதீங்கன்னு சொன்னத மாத்தினேன். சைவத் தீனியாப் பாத்துப் போட்டேன். அதுல அதுக்கு வேண்டியது இல்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." நின்றுகொண்டுதான் சொன்னேன். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை.

அவன் பூந்தியைத் தடவிக்கொண்டே இருந்தான். இவர் கூடத்தில் இல்லாத பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கோமதியும் இதத்தாம்மா செஞ்சா" என்றான் கடைசியில்.

எனக்குப் புரியவில்லை.

"குட்டியாக் கொண்டாந்த புதுசுல தயிர்ச்சோறும் பன்னீருமாப் போட்டா. வீட்ல மீன் வாங்கக் கூடாதுன்னுட்டாள்ல. குட்டி நோஞ்சானாப் போயி, டாக்டர்ட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. பொறவு ஒரு வாரம் பால்கனியில ஒக்காந்து, பத்துப் பதினஞ்சு தீனியப் பரப்பி வச்சுக்கிட்டு, ஊற வைக்கா, பேப்பர்ல நசுக்கிப் பாக்கா, டிஞ்சர் விடுதா. என்னளா பண்ணுதன்னு கேட்டா, எங்கம்மா இப்படித்தான் பாப்பாகன்னு சொன்னா. அந்தக் கம்பெனிய அவதான் எடுத்தா. மக்காச்சோளத்த ரெண்டாப் பிரிச்சுப் போட்டுருக்கான் களவாணி, ஆனா டாரின் சரியாச் சேத்துருக்கான்னு சொல்லுவா."

அவன் கொஞ்சம் சிரித்தான்.

"வீட்ல மீன் வாங்கக் கூடாதுன்னாளா?" என்றேன்.

"முட்டை போட்ட கேக் கூட தொட மாட்டாளேம்மா. நான் கரைக்கு வந்தா அம்மா வீட்டுக்குப் போய்த்தான் மீன் சாப்பிடணும். கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தா. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் யாரையும் கேட்கவும் இல்லை.

மத்தியானம் இலை போட்டேன். கத்திரிக்காய்க் குழம்பும் அவியலும். கோமதி உட்காரும் இடத்தில் அவனை உட்காரச் சொன்னேன். பூந்தி அவன் மடியை விட்டு இறங்கவில்லை. மறுசோறு கேட்க அவன் தயங்கினான், கேட்காமலே வைத்தேன்.

அக்டோபர் 5

டெரன்ஸ் ராத்திரி இங்கேயே தங்கினார். காலையில் நான் தீனியைக் கிண்ணத்தில் அளந்துகொண்டிருந்தபோது அடுக்களைக்குள் வந்து நின்றார்.

"அம்மா, பூந்தி ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஜனவரியில நான் மறுபடி கப்பல் ஏறணும். அதுக்கு இந்த வீடு பழகிருச்சு. நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்க. நான் வந்து வந்து பாத்துக்கிடுதேன்."

ஒன்பது மாசமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கூச்சலோ வழக்கோ இல்லாமல், தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி வந்தது. வாங்கிக்கொள்ளத்தான் வாய் திறந்தேன். அவர் கையைப் பார்த்தேன். பேசும்போதே அது பூந்தியின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தது. சென்னையில் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தால் அவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள்?

"இல்ல, கூட்டிட்டுப் போங்க" என்றேன். "கப்பலுக்குப் போகும்போது கொண்டாந்து விடுங்க. நீங்க வாரவரைக்கும் இங்க இருக்கட்டும். கரைக்கு வந்ததும் வந்து கூட்டிட்டுப் போங்க. மாப்பிள்ளை கடலுக்குப் போனா பொண்ணு அம்மா வீட்ல இருக்கும், அவரு வந்ததும் போயிரும். எல்லா வீட்லயும் நடக்குறதுதான்."

அவர் கை பூந்தியின் காதுக்குப் பின்னால் அப்படியே நின்றது. "சரி அத்தை" என்றார்.

சாயங்காலம் சென்னைக்குப் போக வாடகைக் கார் வந்தது. எந்த மாத்திரை எந்த வேளை, பொடி எவ்வளவு, நாற்காலிகளை இடம் மாற்றக் கூடாது, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் தூக்கி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். தெரிந்ததையும் தெரியாதது மாதிரி கேட்டுக்கொண்டார். பூந்தியின் தீனியைப் புது டப்பாவில் கொட்டிக் கட்டினேன். அவருக்கு முறுக்கும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன். இவர் கூடையைக் காரில் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

தெய்வானை எதிர்வாசலில் நின்று பார்த்தாள். நானும் வாசலில் நின்றேன். கார் பெரிய சாலைக்குத் திரும்புகிறவரைக்கும் நின்றேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கோமதியை இப்படி நான் வழியனுப்பி வைத்ததில்லை.